மதுசூதனர் எங்கிருந்து திரும்பினார்?

பிப்ரவரி 21 நெருங்கினால் ஒரு கதை சுற்றுக்கு வந்துவிடும். மேடையில் சொல்வார்கள், ரீல்ஸில் சொல்வார்கள், கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கை நீட்டிச் சொல்வார்கள். மைக்கேல் மதுசூதன் தத் என்று ஒரு வங்காளி இருந்தார். ஆங்கில மோகம் பிடித்து மதம் மாறினார், கோட்டு போட்டார், மில்டன் மாதிரி ஆகணும் என்று ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். வெள்ளைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது ஒரு நல்ல மனிதர் சொன்னார், "உன் மொழியில் எழுதப்பா." கண் திறந்தது. வங்காளத்துக்குத் திரும்பினார், மகாகவி ஆனார். கைதட்டல்.

இந்தக் கதையை நான் குறைந்தது பத்துத் தடவை கேட்டிருப்பேன். தமிழ் இலக்கியக் கூட்டங்களில் இது கிட்டத்தட்ட ஒரு திருஷ்டாந்தக் கதை ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்களை இடிக்க, ஐ.டி.க்காரர்களை இடிக்க, பிள்ளையை ஆங்கில மீடியத்தில் சேர்த்த பக்கத்து நாற்காலிக் கவிஞரை இடிக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே கல். எறிகிறவர்கள் யாரும் இந்தக் கதையின் முக்கியமான பகுதி நடந்தது நம்ம சென்னையில் என்பதைச் சொல்லிக் கேட்டதில்லை. தெரிந்தால் கதை உடைந்துவிடும் என்பதால் சொல்வதில்லை என்று நினைக்க ஆசை. தெரியாது, அவ்வளவுதான்.

மதுசூதன் 1848 தொடக்கத்தில் கப்பலில் சென்னைக்கு வந்தார். வயது 24. ஐந்து வருஷத்துக்கு முன்பு, 1843 பிப்ரவரியில், கிறிஸ்தவர் ஆகியிருந்தார். பிறகு கல்கத்தா பிஷப்ஸ் கல்லூரியில் கொஞ்ச காலம். அப்பாவிடமிருந்து வந்த பணம் நின்றுபோனது. வேலை தேடி, தெரிந்தவர் யாருமில்லாத ஊருக்கு வந்தவர் அவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மால்டாவிலிருந்தும் முர்ஷிதாபாத்திலிருந்தும் இன்றைக்கு வந்து இறங்குகிற பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். இவரிடம் கூடுதலாக லத்தீனும் கிரேக்கமும் இருந்தன. ஆண் அநாதைகள் இல்லத்தின் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே ஆண்டு ரெபேக்கா தாம்சன் மெக்டாவிஷ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார்.

பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரத்தில் பத்திரிகை. 'மெட்ராஸ் சர்க்குலேட்டர்' இதழில் டிமதி பென்போயம் என்ற புனைபெயரில் கவிதைகள் எழுதினார். பேனாவையும் கவிதையையும் ஒட்டவைத்த பெயர். இன்றைய ட்விட்டர் ஹேண்டில்களில் பாதி இதைவிட மோசம். 1849இல் 'தி கேப்டிவ் லேடி' சென்னையில் அச்சாகிப் புத்தகமாக வந்தது. பிருதிவிராஜன் சம்யுக்தை கதை. சென்னையின் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனுக்குச் சமர்ப்பணம். ஓர் இந்தியரின் ஆங்கிலக் காவியம் சென்னை அச்சகத்திலிருந்து வருகிறது, கல்கத்தாவிலிருந்து இல்லை. நம் ஊர் இலக்கிய வரலாற்றில் இதற்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டாமா?

புத்தகம் போணியாகவில்லை. கல்கத்தா விமர்சனம் கடுமையாக இருந்தது. நண்பர் கோர்தாஸ் பசாக் ஒரு பிரதியைப் பெத்தூனிடம் கொடுத்தார். அந்தப் பெத்தூன்தான் நம் கதையின் நல்ல மனிதர்.

அவர் யார்? ஜான் எலியட் டிரிங்க்வாட்டர் பெத்தூன், கவர்னர் ஜெனரல் கவுன்சிலின் சட்ட உறுப்பினர், கல்கத்தா கல்விக் குழுமத்தின் தலைவர். பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர், அந்த மரியாதை அவருக்கு உண்டு. 1849 ஜூலையில் அவர் பசாக்குக்கு எழுதிய கடிதம்தான் 'உன் மொழியில் எழுது' என்கிற புகழ்பெற்ற அறிவுரை. மேடையில் சொல்லும்போது அதில் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதியில், தான் கேள்விப்பட்டவரை வங்க இலக்கியத்தின் சிறந்த படைப்புகள்கூட ஆபாசத்தாலும் கொச்சையாலும் கெட்டுப்போனவை என்கிறார். ஆங்கிலம் படித்துப் பண்பட்ட ஒருவர் போய் அதைச் சுத்தம் செய்தால் நல்லது என்பது அவர் கருத்து. வங்க மொழி மீது காதல் எல்லாம் கிடையாது. வீடு அழுக்காக இருக்கிறது, உன் கையில்தான் எங்கள் சோப்பு இருக்கிறதே, போய்க் கழுவு என்கிறார். இன்னொரு மறைமுகச் செய்தியும் இருக்கிறது: எங்கள் மொழியில் உங்களுக்கு இடமில்லை.

இதைத்தான் நாம் தாய்மொழிப் பற்றின் சான்றிதழாக ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். காலனிய எதிர்ப்பு பேசும் அதே வாய், ஒரு காலனிய அதிகாரி இந்தியக் கவிஞனுக்கு எந்த மொழி அனுமதி என்று தீர்ப்பளித்ததைக் கைதட்டி வரவேற்கிறது. எனக்கு இது ஒருபோதும் விளங்கியதில்லை.

சரி, அறிவுரையாவது வேலை செய்ததா? மதுசூதன் 1849 தொடக்கத்தில், பெத்தூன் கடிதத்துக்குப் பல மாதங்கள் முன்பே, சென்னையிலிருந்து பசாக்குக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். காசிராம் தாசின் வங்க மகாபாரதமும் வங்க ராமாயணமும் வேண்டும், செராம்பூர் பதிப்பு, அனுப்பி வை. என் வங்காளி வேகமாக மறந்துகொண்டிருக்கிறது என்கிறார். 'தி கேப்டிவ் லேடி'யை அச்சுக்குக் கொண்டுபோகிற அதே மாதங்களில் அந்த மனிதர் வங்க ராமாயணத்தைக் கேட்கிறார்! ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவன் செய்கிற காரியமா இது? இரண்டும் ஒரே மேஜையில் கிடந்தன.

பெத்தூன் கடிதம் வந்த அடுத்த மாதம், ஆகஸ்டில், இன்னொரு கடிதம். இதில் தன் தினசரி அட்டவணையைக் கொடுக்கிறார். காலை 6 முதல் 8 ஹீப்ரு, 8 முதல் 12 பள்ளி, 12 முதல் 2 கிரேக்கம், 2 முதல் 5 தெலுங்கும் சமஸ்கிருதமும், 5 முதல் 7 லத்தீன், 7 முதல் 10 ஆங்கிலம். இது போகத் தமிழுக்கும் நேரம் கொடுப்பதாகச் சொல்கிறார். முன்னோரின் மொழியை அழகுபடுத்தத்தானே இத்தனை தயாரிப்பு என்றும் கேட்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து மேடையில் வைக்கிறார்கள். அட்டவணையைப் பாருங்கள் என்கிறேன் நான். தாய்மொழிக்குப் போகிற வழி என்று அவர் போட்ட ரூட் மேப்பில் ஆறு அந்நிய மொழிகள் வரிசையாக நிற்கின்றன, நம்முடையது ஏழாவது. வங்காளிக்கு என்று தனியாக ஒரு மணி நேரம்கூட அதில் இல்லை.

அதற்குப் பிறகும் ஆறு வருஷத்துக்கு மேல் அவர் சென்னையில்தான் இருந்தார். 'ரிஸியா' என்ற நாடகக் கவிதையை எழுதினார், ஆங்கிலத்தில். பத்திரிகை நடத்தினார், ஆங்கிலத்தில். 1852இலிருந்து, பின்னால் பிரசிடென்சி கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தின் பள்ளியில் ஆசிரியர், அதுவும் ஆங்கிலத்தில். அறிவுரை சொன்ன பெத்தூன் 1851இலேயே இறந்துவிட்டார். 1855இல் மதுசூதனின் அப்பா இறந்தார், சொத்துத் தகராறு வந்தது, 1856 தொடக்கத்தில் மனிதர் கல்கத்தாவுக்குக் கிளம்பினார். கண் திறந்து திரும்பியவர் இல்லை. சொத்துக்காகத் திரும்பினார், போய் போலீஸ் கோர்ட்டில் வேலை பார்த்தார்.

வங்காளியில் எழுத வந்ததும் ஆங்கிலம் வழியாகத்தான். 1858இல் பெல்காச்சியா நாடக அரங்கில் 'ரத்னாவளி' என்ற வங்க நாடகம் போட்டார்கள். பார்க்க வரும் ஆங்கிலேயர்களுக்காக அதை மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது, மதுசூதனைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்த்தபோது நாடகம் சுமார் என்று பட்டது. நானே எழுதுகிறேன் என்று 'சர்மிஷ்டா' எழுதினார், 1859இல் வந்தது. எழுதிவிட்டு அதையும் தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எந்த இடத்தில் ஐயா இவர் ஆங்கிலத்தை விட்டார்? நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் கடைசி வரை பெரும்பாலும் ஆங்கிலம்.

'மேகநாதவத காவியம்' 1861இல் வந்தது. அதன் பெரிய சாதனை என்று எல்லோரும் சொல்வது யாப்பை. வங்காளியின் பழைய பயார் யாப்பில் வரிக்கு 14 எழுத்து. 8இல் ஒரு நிறுத்தம், மிச்சம் 6. இரண்டிரண்டு வரியாக இயைபு வரும். வரி முடிந்தால் கருத்தும் முடியும். மதுசூதன் 14ஐ வைத்துக்கொண்டு இயைபைக் கழற்றினார், நிறுத்தத்தை இஷ்டப்பட்ட இடத்துக்கு நகர்த்தினார், வாக்கியத்தை வரி தாண்டி ஓடவிட்டார். வங்காளிக்கு இது சரிப்படாது என்று சொன்ன ஜதீந்திரமோகன் தாகூருடன் ஏற்பட்ட சவாலில்தான் இது தொடங்கியது. இந்த ஓட்டத்தை அவர் காது எங்கே பழகியது? மில்டனிடம். வெறுமனே படித்தால் வராது; பத்துப் பதினைந்து வருஷம் ஆங்கிலத்தில் வரி வரியாகத் தானே எழுதித் தோற்றதில் பழகியது. சென்னையின் அந்த எட்டு வருஷம் இல்லை என்றால் அந்த யாப்பு இல்லை என்று பந்தயம் கட்டுவேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலையை நூறு கமிட்டாகச் செய்திருப்போம். தப்பு, திருத்தம், மறுபடி தப்பு. கடைசியில் எல்லாவற்றையும் ஸ்குவாஷ் செய்து ஒரே கமிட்டாக ஆக்கி, அழகாக ஒரு வரி எழுதி மெர்ஜ் செய்துவிடுவோம். ஹிஸ்டரி சுத்தமாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஏதாவது உடைந்தால் ஏன் இப்படி எழுதினார்கள் என்று ஒருத்தனுக்கும் தெரியாது. மதுசூதனின் எட்டு வருஷத்தையும் நாம் அப்படித்தான் ஸ்குவாஷ் செய்து, 'தாய்மொழிக்குத் திரும்பினார்' என்று எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அந்தக் கதையைக் கட்டியதே அவர்தானே? 'பங்கபாஷா' என்ற கவிதையில், சொந்தக் களஞ்சியத்தை மறந்து அந்நியப் பொருளுக்கு அலைந்தவனாகத் தன்னைக் காட்டிக்கொண்டது அவர்தானே? உண்மை. கவிஞன் தன்னைப் பற்றி ஒரு தொன்மம் செய்துகொள்வான், அது அவன் உரிமை. அதை அப்படியே ஜாதகமாக எடுத்துக்கொள்ள நமக்கென்ன அவசியம்? இன்னொன்றும் இருக்கிறது. தாய்மொழிக்குத் திரும்பியதைச் சொல்லும் அந்தக் கவிதை எந்த வடிவத்தில் இருக்கிறது தெரியுமா? சானெட். இத்தாலியில் பிறந்து இங்கிலாந்து வழியாக வந்த பதினாலு வரி. அந்நியப் பொருளைக் கைவிட்டேன் என்று அந்நியப் பாத்திரத்தில் ஊற்றித் தருகிறார். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. நம் பேச்சாளர்களுக்குத்தான் தெரிவதில்லை.

இனி, கதை அழித்துவிட்ட ஆட்கள்.

1856இல் கல்கத்தாவுக்குப் போனபோது மதுசூதன் சென்னையில் ரெபேக்காவை விட்டுவிட்டுப் போனார். நான்கு குழந்தைகள். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்புதான் பசாக்குக்கு எழுதிய கடிதத்தில் நல்ல மனைவியும் நான்கு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். சட்டப்படி பிரிந்ததற்கான பதிவு எதுவும் கிடைக்கவில்லை. 1858இல் ஹென்றியட்டா கல்கத்தாவுக்கு வந்து அவருடன் சேர்ந்தார். சென்னையில் கூட வேலை பார்த்த ஆசிரியரின் மகள். 1873 ஜூன் 26 அன்று ஹென்றியட்டா இறந்தார், மூன்று நாள் கழித்து மதுசூதன் இறந்தார். அந்த மரணத்தைப் பற்றி உருக உருக எழுதியிருக்கிறார்கள். சென்னைக் குடும்பத்துக்கு ஓர் அடிக்குறிப்பு.

மதுசூதன் கெட்டவர் என்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நான் பார்க்கப் போவதில்லை. 'தாய்மொழிக்குத் திரும்பினார்' என்ற வாக்கியத்தில் சென்னை என்பது பாலைவனம், மகன் வழிதவறிய இடம். பாலைவனத்தில் மனைவி இருக்க முடியாது, குழந்தைகள் இருக்க முடியாது. அவர் போன கப்பலை 'திரும்புதல்' என்று சொல்லும்போது, கரையில் இருந்து பார்த்தால் அது 'விட்டுப்போதல்' என்பது மறைந்துபோகிறது. சென்னைக்காரர்களாகிய நாமே கல்கத்தாவிலிருந்து நின்று அந்தக் கதையைச் சொல்கிறோம் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இதைவிடப் பெரிய அநியாயம் வேறு ஆட்களுக்கு நடக்கிறது. திரும்ப நேரம் கிடைக்காதவர்களுக்கு.

ஹென்றி டிரோசியோ. 1809இல் கல்கத்தாவில் பிறந்தார். 17 வயதில் இந்துக் கல்லூரியில் ஆசிரியர். மாணவர்களிடம் எதையும் கேள்வி கேளுங்கள் என்றார். அவர்கள் நிஜமாகவே கேட்க ஆரம்பித்ததும் 1831 ஏப்ரலில் வேலையிலிருந்து விலக வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காலராவில் இறந்தார், வயது 22. இரண்டு கவிதைப் புத்தகங்கள் போட்டிருந்தார். அப்பா வழியில் போர்த்துகீசிய இந்திய வம்சம், அம்மா ஆங்கிலேயர். பிறந்து வளர்ந்து செத்தது கல்கத்தாவில். இந்தியாவைத் தன் நாடு என்று அழைத்து ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர்களில் முதல் வரிசைக்காரர். இவர் எந்தத் தாய்மொழிக்குத் திரும்ப வேண்டும்? தாய் பேசிய மொழியில்தான் எழுதினார்! நம் திருஷ்டாந்தக் கதைக்கு இவர் அடங்கமாட்டார், அதனால் இவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

தோரு தத். மதுசூதனுக்கு உறவில்லாத வேறு தத் குடும்பம். 1856 மார்ச்சில் பிறந்தார். மதுசூதன் கல்கத்தா திரும்பிய அதே சமயம். 1862இல் குடும்பம் கிறிஸ்தவமானது. 1865இல் அண்ணன் அப்ஜு இறந்தான், வயது 14. 1869இல் குடும்பம் ஐரோப்பா போனது: நீஸில் பிரெஞ்சு, பிறகு கேம்பிரிட்ஜ். 1873இல் திரும்பினார்கள். 1874இல் அக்கா ஆரு இறந்தாள், வயது 20, காசநோய். ஆரு மொழிபெயர்த்து வைத்திருந்த எட்டுக் கவிதைகளைத் தன்னுடையவற்றுடன் சேர்த்து, 1876இல் தோரு 'எ ஷீஃப் க்ளீன்ட் இன் ஃபிரெஞ்ச் ஃபீல்ட்ஸ்' என்ற தொகுப்பைப் பவானிபூரில் ஒரு சிறு அச்சகத்தில் போட்டார். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு. முன்னுரை இல்லை, அறிமுகம் இல்லை, மட்டமான அச்சு. அதில் ஒரு பிரதி லண்டனில் 'எக்ஸாமினர்' பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, எட்மண்ட் காஸ் என்ற விமர்சகர் கையில் கிடைத்தது. குப்பையாகத் தெரிந்த புத்தகத்தைத் திறந்து பார்த்து வியந்துபோய் எழுதினார். 1877 ஆகஸ்ட் 30 அன்று தோரு இறந்தார். வயது 21. அதே காசநோய்.

'மதுசூதன் பள்ளி'யின் மதிப்பெண் பட்டியலில் இந்தப் பெண் எங்கே வருவார்? வழிதவறியவர், திரும்பும் முன் செத்துப்போனவர், பாவம். நான் மிகைப்படுத்தவில்லை, இதை ஒரு கூட்டத்தில் என் காதால் கேட்டேன். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் வங்காளிக்கு வந்திருப்பார் என்றார் ஒருவர், ஆறுதல் சொல்வதுபோல. எப்படித் தெரியும் அவருக்கு? பிரெஞ்சில் ஒரு முழு நாவல் எழுதி வைத்திருந்தவர், இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் பிரெஞ்சு நாவலாசிரியராகவே போயிருக்கலாம். 21 வயதில் இறந்த ஒருத்தியின் எழுதாத புத்தகங்களையும் நாமே எழுதி, நாமே மொழி தேர்ந்தெடுத்து, நாமே மன்னிப்பும் கொடுப்பது என்ன வகை ரசனை?

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. என் ஊர் ஆரம்பாக்கம். எளாவூருக்கு அடுத்த ஸ்டேஷன், அந்தப் பக்கம் தடா. தடா என்றால் ஆந்திரம். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அந்தத் தெலுங்கை விஜயவாடாக்காரர் கேட்டால் சிரிப்பார், பாதி தமிழ். அவ்வாவுக்குத் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பள்ளியில் தமிழ். கதை படித்ததும் காதலித்ததும் சண்டை போட்டதும் தமிழ். சோறு போடுவது ஆங்கிலம். டிசைன் டாக்குமெண்ட், கோட் ரிவ்யூ, ராத்திரி பத்து மணி கால் எல்லாம் அதில். எழுதுவது தமிழில்.

போன வருஷம் ஓர் இணையக் கூட்டத்தில் வழக்கம்போல மதுசூதன் கதை ஓடியது. கேள்வி நேரத்தில் நான் மேலே சொன்னதில் கொஞ்சம் சொன்னேன். பேசியவர் என் வீட்டு மொழி என்ன என்று எங்கேயோ படித்திருப்பார் போல. "தம்பி, உங்க தாய்மொழி தெலுங்குதானே? நீங்க எப்போ திரும்பப் போறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மியூட் போட்ட பிறகு சிரிப்பு வரவில்லை. எங்கே திரும்புவது? எழுத்துத் தெரியாத ஒரு மொழிக்கா? திரும்பி நான் எழுதினால் அவ்வாவால் படிக்க முடியாது. தமிழில் எழுதினால் அவளுக்கு நான் வாசித்துக் காட்டலாம், கேட்டுவிட்டு "ஏம்ரா இதி?" என்று தெலுங்கில் திட்டுவாள். எங்கள் மொழி ஏற்பாடு இப்படித்தான் இருக்கிறது. எல்லையோரத்து வீடுகள் பலவற்றில் இப்படித்தான்.

அந்தக் கேள்விதான் இந்தக் கதையின் உண்மையான முகம் என்று எனக்குப் பட்டது. மேலே மொழிப்பற்று, அடியில் ரேஷன் கார்டு. உனக்கு ஒதுக்கிய கடை இது, அங்கேதான் நீ வாங்க வேண்டும். பெத்தூன் சொன்னதும் அதேதான், கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார்.

எதிர்த்திசையில் போனவர்களை நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். பி.ஆர். ராஜம் ஐயர், வத்தலக்குண்டுக்காரர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதியவர். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று, இன்றும் சிரித்துக்கொண்டே படிக்கலாம். எழுதி முடித்த கையோடு என்ன செய்தார்? 1896இல் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராகப் போனார். கடைசி இரண்டு வருஷம் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதித் தள்ளினார். 1898இல் இறந்தார், வயது 26. தாய்மொழியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்குப் போனவர். இவரை யாராவது வழிதவறியவர் என்று சொல்லியிருக்கிறோமா? இல்லை, சொல்லவும் கூடாது. அந்த ஆங்கிலத்தைப் படிக்காமல் விட்டுவிட்டோம், அவ்வளவுதான். பாரதி ஆங்கிலத்தில் எழுதியதையும் அப்படித்தான் பரணில் போட்டிருக்கிறோம். 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டவரை மட்டும் ரசிக்கிறோம்.

சென்னையின் டி. ராமகிருஷ்ண பிள்ளை என்று ஒருவர். 1896இல் 'டேல்ஸ் ஆஃப் இண்ட்' என்ற கவிதைத் தொகுதி லண்டனில் வந்தது. அதில் பஞ்சத்தைப் பற்றி ஒரு கதைப்பாட்டு இருக்கிறது. செஞ்சி தேசிங்கு ராஜா கதையும் இருக்கிறது. நம்ம தேசிங்கு! தெருக்கூத்திலும் சந்தைப் பாட்டுப் புத்தகத்திலும் கிடந்தவனைத் தூக்கி ஆங்கில யாப்பில் உட்கார வைத்திருக்கிறார் ஒரு தமிழர். கவிதை நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. டென்னிசனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கிறது, தோள்பட்டை தொங்குகிறது. 'தி கேப்டிவ் லேடி'யிலும் பைரனும் ஸ்காட்டும் ஒவ்வொரு மூலையிலும் நிற்கிறார்கள். இவர்களை எல்லாம் மகாகவி ஆக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. மோசமான கவிதை என்றால் மோசமான கவிதை என்று சொல்லுங்கள், வரியைக் காட்டிச் சொல்லுங்கள். அதே காலத்தில் தமிழில் எழுதப்பட்ட எத்தனையோ சிலேடை வெண்பாக்களும் ஜமீன்தார் துதிகளும் மோசமானவைதான். அவற்றின் தோல்விக்குத் தமிழைக் காரணம் சொல்கிறோமா? தோற்றவன் தமிழில் தோற்றால் திறமைக் குறைவு, ஆங்கிலத்தில் தோற்றால் தர்ம நீதியா?

ஆங்கிலத் துறைகளும் யோக்கியம் இல்லை. தோருவின் சவுக்கு மரக் கவிதையை ஐந்து மார்க் கேள்வியாக ஆக்கி, கீட்ஸின் நிழல் என்று ஒரு வரி எழுத வைத்து அனுப்பிவிடுகிறார்கள். காசிபிரசாத் கோஷ் 1830இல் புத்தகம் போட்டார் என்பது மனப்பாடம் செய்யும் ஒரு தகவல். இந்தப் பக்கம் துரோகி, அந்தப் பக்கம் நகல். படிப்பவர் எந்தப் பக்கமும் இல்லை.

ஆங்கிலம் அதிகாரத்தின் மொழி, அதில் எழுதியவர்கள் வசதியானவர்கள், சின்ன மொழிகளைக் காப்பாற்ற இந்த மாதிரிக் கதைகள் தேவை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முதல் இரண்டில் உண்மை இருக்கிறது. தோருவின் குடும்பம் பெரிய பணக்காரக் குடும்பம். நீஸுக்குப் போய்ப் பிரெஞ்சு படிக்க அன்றைக்கு எத்தனை இந்தியப் பெண்களால் முடியும்? ஆனால் மொழியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் வேண்டும், வேலை வேண்டும், நல்ல மொழிபெயர்ப்பு வேண்டும், அந்த மொழியில் கோர்ட்டும் மருந்துச் சீட்டும் வேண்டும். அதற்கெல்லாம் அரசாங்கத்திடமும் நிறுவனங்களிடமும் சண்டை போட வேண்டியிருக்கும். 22 வயதில் காலராவில் செத்தவனிடம் சண்டை போடுவது சுலபம், திருப்பிப் பேசமாட்டான்.

தோருவின் கடைசி இரண்டு வருஷங்களை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஐரோப்பாவிலிருந்து திரும்பிய பிறகு அவர் அப்பாவுடன் உட்கார்ந்து சமஸ்கிருதம் படித்தார். விஷ்ணு புராணத்திலிருந்து கதைகளை எடுத்து ஆங்கிலக் கவிதையாக்கினார். 1877இல் பாரீசில் இருந்த கிளாரிஸ் பாதேர் என்ற எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினார். பாதேர், பழங்கால இந்தியப் பெண்களைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு புத்தகம் போட்டிருந்தார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க அனுமதி கேட்டார் தோரு. இந்தியப் பெண்களைப் பற்றிப் பிரெஞ்சுப் பெண் எழுதியதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர ஒரு வங்காளிப் பெண் அனுமதி கேட்கிறாள். இது திரும்புதலா, விலகுதலா? கேள்வியே அபத்தமாகத் தெரியவில்லையா?

அனுமதி கிடைத்தது. அதற்குள் இருமல் முற்றிவிட்டிருந்தது. ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது. மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த கோவிந் சந்திர தத், மகளின் காகிதங்களை எடுத்துப் பார்த்தார். பிரெஞ்சு நாவல் இருந்தது, அதை 1879இல் பாரீசில் அச்சாக்க வைத்தார். புராணக் கதைப்பாட்டுகள் இருந்தன, அவை 1882இல் லண்டனில் காஸின் முன்னுரையுடன் வந்தன. பாதேரின் புத்தகத்தை மொழிபெயர்க்க அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.